பூனை மழையும் நாய் மழையும் நமக்கெதுக்கு?

டிஸ்கி: இடியம் மனப்பாடம் பண்ணி வேலை வாங்கின நல்லவங்க யாராவது இருந்தா மன்னிக்கவும். உங்க மேல பொறாமைதான், கோபமில்லை. :)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அயோத்தியாப்பட்டணம் பஸ் ஸ்டாப்புல இறங்கினதும் வழக்கம்போல மொத வேலை தட்டுவடை செட். (சேலத்துக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: ரெண்டு குட்டித் தட்டுவடைக்கு நடுவுல துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. மிச்சம் சாப்பிட்டாத்தான் புரியும்.) ரெண்டாவது செட் வாயில போடும்போது சித்தி பையன் வந்து நின்னான். இஞ்சினியரிங் முடிச்சு ஒரு வருஷமா வேலை தேடுறான். கையில இருநூறு பக்க நோட்டு ஒண்ணு.

"அண்ணா, இதுல இருந்து எது வேணாலும் கேளுங்கண்ணா."

வாங்கிப் பாத்தேன். நம்பர் போட்டு 412 இடியம். முத்து முத்தான கையெழுத்து. "பீட் அரௌண்ட் த புஷ்", "கிக் த பக்கெட்", "ஒயிட் எலிஃபென்ட்", "வைல்ட் கூஸ் சேஸ்". சிவப்பு மையில தமிழ் அர்த்தம். டவுன்ல ஸ்பீக்கிங் கிளாஸ் போறானாம். தினமும் பத்து ஒப்பிக்கணுமாம். ஃபீஸ் சித்தப்பா கட்டியிருக்கார். அவருக்கு சேகோ மில்லுல வேலை.

"சரி, மழை நல்லாப் பெய்யுதுன்னு சொல்லு."

"இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்ண்ணா!" மண்டை காயுற வெயில்ல நின்னுக்கிட்டு சொன்னான். கடைக்கார அக்கா சிரிச்சுட்டாங்க.

"சூப்பர். இப்போ இதைச் சொல்லு. 'அது என்னன்னு பாத்துட்டு உங்களுக்குச் சொல்றேன்.'"

யோசிச்சான். "ஐ வில்... ஸீ..." அதோட நின்னுட்டான். முகம் சுருங்கிப் போச்சு. "லுக் இன்டு இட்", "கெட் பேக் டு யூ". என் ஆபீஸ்ல ஒரு நாளைக்கு இருபது தடவை காதுல விழுற ரெண்டு தொடர். அவனோட 412-ல ரெண்டுமே இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்தக் கோபம்தான் இந்தப் பதிவு.

நேரடியாவே சொல்லிடறேன். நம்ம ஊர்ப் பசங்களுக்கு இங்கிலீஷ்னு சொல்லி விக்கிற இந்த இடியம் பட்டியல் ஒரு ஏமாத்து வேலை. இங்கிலீஷ் தெரியாதவனை இங்கிலீஷ் தெரிஞ்ச மாதிரி பத்து நிமிஷம் நம்ப வைக்கிற வேலை. பதினோராவது நிமிஷம் அவன் மாட்டிக்குவான்.

இந்தப் பூனை-நாய் மழையையே எடுத்துக்குங்க. ஜோனதன் ஸ்விஃப்ட் தெரியும்ல, கல்லிவர் கதை எழுதினவர்? அவர் 1738-ல உயர்குடி மக்களோட அரட்டையைக் கிண்டல் பண்ணி ஒரு புத்தகம் போட்டார். வேற பேச்சே இல்லாம, தேய்ஞ்சுபோன அதே வாக்கியங்களை மாத்தி மாத்திப் பேசிக்கிறாங்களேன்னு நக்கல். அந்தத் தேய்ஞ்ச சரக்குல ஒண்ணுதான் நம்ம பூனை-நாய் மழை. புரியுதா மக்களே? ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்னாடியே புளிச்ச மாவுன்னு சிரிச்சுத் தள்ளினதை, இன்னைக்கு சேலத்துல காசு வாங்கிட்டு இட்லியா ஊத்தித் தர்றாங்க. நான் ஆறு வருஷமா அமெரிக்கா, லண்டன்காரங்களோட தினம் பேசுறேன். ஒரு தடவைகூட ஒருத்தர் வாயிலேர்ந்தும் இது வந்து நான் கேட்டதில்லை.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம்?

நான் 2015-ல ப்ளஸ் டூ முடிச்சவன். அப்போ இங்கிலீஷுக்கு ரெண்டு பேப்பர். ஆனா இஞ்சினியரிங் கட்-ஆஃப் 200-ல கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. இங்கிலீஷுக்கு? பெரிய முட்டை. சேலம், நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடம் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கட்-ஆஃபுக்கு உதவாத பாடம், பாடமே இல்லை. இங்கிலீஷ் பீரியடுல பிசிக்ஸ் டெஸ்ட் எழுதினவன் நான். இடியமும் ஃப்ரேசல் வெர்பும் ஒத்தை மார்க் கேள்வி. கைடுல பத்து பாத்தா போதும்.

அப்புறம் நாலு வருஷம் கழிச்சு, கடைசி வருஷத்துல திடீர்னு ஒரு நாள் "கம்யூனிகேஷன் ஸ்கில்"னு ஒரு பூதம் வந்து முன்னாடி நிக்கும். பயத்துல இருக்கிறவன்கிட்ட எதையும் விக்கலாம். அப்போ விக்கிற சரக்குதான் இந்த 412. ஏன் இதையே விக்கிறாங்க? எண்ணிக் காட்டலாம், டெஸ்ட் வைக்கலாம், ஒப்பிக்கச் சொல்லலாம். சித்தப்பாகிட்ட "பையன் 412 முடிச்சுட்டான் சார்"னு கணக்குக் காட்டலாம். "பையன் எதிர்ல இருக்கிறவர் சொன்னதைப் புரிஞ்சு பதில் சொன்னான்"ங்கிறதை எந்த நோட்டுல காட்டுறது?

நிற்க. என் கதைக்கு வர்றேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணி. பில்லிங்குல ஒரு மாற்றம் செஞ்சு லைவ்ல போட்டோம். போட்ட அஞ்சாவது நிமிஷம் பில்லுல வரி ரெண்டு தடவை ஏற ஆரம்பிச்சுது. கால்ல இருந்த க்ளையன்ட் அம்மா நிதானமா சொன்னாங்க: "பேக் இட் அவுட்."

எனக்கு "பேக்" கேட்டுச்சு, "இட்" கேட்டுச்சு. மிச்சத்தை என் மூளையே போட்டு நிரப்பிக்கிச்சு. "பேக் இட் அப்". அடடா, பேக்கப் எடுக்கச் சொல்றாங்க, எவ்வளவு பொறுப்பான பொம்பளைன்னு நினைச்சு டேட்டாபேஸை பத்திரமா பேக்கப் எடுத்தேன். "டன்"னு வேற சொன்னேன்.

பேக் அப்னா நகல் எடுத்து வைக்கிறது. பேக் அவுட்னா போட்ட மாற்றத்தைத் திரும்பப் பிடுங்குறது. நான் "டன்" சொன்னதும் பிடுங்கிட்டேன்னு நம்பி அவங்க போனை வெச்சுட்டாங்க. நாப்பது நிமிஷம் தப்பு பில்லா போய்க்கிட்டே இருந்துச்சு. மறுநாள் அறிக்கையில "கம்யூனிகேஷன் கேப்"னு கௌரவமா எழுதினோம். கேப்பும் இல்லை, சோப்பும் இல்லை. எனக்கு "அப்" தெரியும், "அவுட்" தெரியாது. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல படிச்ச எந்த இடியமும் அன்னைக்கு என்னைக் காப்பாத்த வரலை.

அப்போதான் உறைச்சுது. இங்கிலீஷோட வேலை செய்யுற பாகம் இந்தச் சின்னச் சின்ன வினைகள்தான். புட், கெட், டேக், கோ, கம், லுக், மேக், பேக், ரன், செட். இதுங்களோட வால்ல அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப். "ஃப்ரேசல் வெர்ப்"ங்கிற பேர் லோகன் பியர்சால் ஸ்மித்தோட 1925 புத்தகத்துலதான் பரவலாச்சு. அந்தப் பேரைத் தனக்குச் சொன்னது ஆக்ஸ்போர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லின்னு அவரே சொல்லியிருக்கார். பேர் வெச்சதுதான் அப்போ, சரக்கு பல நூறு வருஷப் பழசு.

1930-ல சி.கே. ஆக்டன்னு ஒருத்தர் "பேசிக் இங்கிலீஷ்"னு ஒண்ணு கொண்டு வந்தார். மொத்தம் 850 சொல். அதுல வினை எத்தனை தெரியுமா? வெறும் 18. "என்டர்" வேண்டாம், "கோ இன்" போதும். "கன்டினியூ" வேண்டாம், "கோ ஆன்" போதும். அப்படியே ஓட்டிடலாம்னார். அதுல ஓட்டை இருக்கு, அப்பவே விமர்சனமும் வந்துச்சு: சொல் 850தான், ஆனா ரெண்டு ரெண்டா சேர்ந்தா வர்ற புது அர்த்தத்தையெல்லாம் யார் கணக்குல எழுதுறது? நியாயமான கேள்வி. என் கேஸும் அதேதான், "பேக்" தெரியும், "அவுட்" தெரியும், "பேக் அவுட்" தெரியாது. ஆனா எங்க தோண்டணும்னு ஆக்டன் சரியா கை காட்டினார். பெரிய வார்த்தைல இல்லை, சின்ன வார்த்தைங்க சேருற இடத்துல.

இப்போ முக்கியமான விஷயம். சின்ன வினைங்க சேர்ந்து புது அர்த்தம் தர்றது என்னமோ வெள்ளைக்காரன் வித்தைன்னு நினைச்சுக்கிறோம். அயோத்தியாப்பட்டணத்துல மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரியுற குழந்தைக்கும் அது தெரியும் சாமி!

"போடு"ன்னு ஒரு வினை. பாருங்க:

டீச்சர்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்.
ஒண்ணுமே தெரியாத மாதிரி பேசி போட்டு வாங்கிட்டா.
எல்லார் முன்னாடியும் உண்மையைப் போட்டு உடைச்சுட்டான்.
வில்லன் ஆளைப் போட்டுத் தள்ளிட்டான்.

நாலுலயும் "போட்டு" இருக்கு. எதுலயாவது யாராவது எதையாவது கீழ போட்டாங்களா? "விடு" எடுத்துக்குங்க. விட்டுக்கொடு, விட்டுப்பிடி, விட்டுத்தள்ளு. இல்லை "கண்டுபிடி", "கண்டுக்காதே". இதுக்கெல்லாம் யாராவது நமக்கு நோட்டுல நம்பர் போட்டுக் கொடுத்தாங்களா? அம்மா திட்டும்போது கத்துக்கிட்டோம், கிரவுண்டுல சண்டை போடும்போது கத்துக்கிட்டோம். ஒம்பதாவது தமிழ்ப் புத்தகத்துல "துணைவினைகள்"னு ஒரு பாடமே இருக்கு. "சாப்பிட்டான்", "சாப்பிட்டுட்டான்" ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்ச பையனுக்கு "ஈட்", "ஈட் அப்" வித்தியாசம் புரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். முழுசா முடிச்சுட்டான்னு காட்ட நமக்கு "விடு", அவங்களுக்குப் பல இடத்துல "அப்". யூஸ் அப், கிளீன் அப், ஃபினிஷ் அப்.

நாம பின்னாடி இன்னொரு வினையை ஒட்டுறோம், அவங்க ஒரு திசையை ஒட்டுறாங்க. மெக்கானிசம் வேற, பழக்கம் ஒண்ணுதான். இந்த ஒத்துமையை என் பள்ளிக்கூடத்துலயும் யாரும் சொல்லலை, காலேஜ்லயும் சொல்லலை. "திங்க் இன் இங்கிலீஷ்!"னு மட்டும் சொன்னாங்க. இருக்கிற சாவியைத் தூக்கிப் போட்டுட்டு பூட்டை உடைக்கச் சொன்ன மாதிரி.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, 412 நோட்டை ஓரமா வைடான்னேன். அவன் போனை எடுக்கச் சொன்னேன். "சைன் இன், லாக் அவுட், டேர்ன் ஆஃப், செட் அப், பேக் அப், ஷட் டவுன். இதெல்லாம் என்ன?" டக் டக்குன்னு அர்த்தம் சொன்னான். "நேத்து கிரவுண்டுல எப்படிடா அவுட் ஆனே?" "ரன் அவுட்ணா." "பௌலர் ஓடி வர்றது?" "ரன் அப்." "சீரிஸுக்கு முன்னாடி ஆடுறது?" "வார்ம் அப் மேட்ச்." "செமி ஃபைனல் ரவுண்டு?" "நாக் அவுட்." பையன் முகத்தைப் பாக்கணுமே! மனப்பாடமே பண்ணாம இருபது முப்பது ஏற்கெனவே பாக்கெட்ல வெச்சிருக்கான். ஒருத்தனும் அவன்கிட்ட இதுவும் இங்கிலீஷ்தான்டான்னு சொன்னதில்லை.

ரெண்டு பேருமா உக்காந்து போட்ட விதிகள் மூணு.

ஒண்ணு: காதுல விழுந்ததை மட்டும் எழுது. லிஸ்ட்ல படிச்சதை எழுதாதே. கிரிக்கெட் கமென்ட்ரி, யூட்யூப், ஆப், எதுவானாலும் சரி. முழு வாக்கியமா எழுது.

ரெண்டு: பக்கத்துல, நம்ம ஊர்ல இதை எப்படிச் சொல்லுவோம்னு எழுது. அகராதித் தமிழ் வேண்டாம், பேச்சுத் தமிழ். "கால் ஆஃப்" - வேண்டாம்னு கை விட்டுட்டாங்க. "புட் ஆஃப்" - தள்ளிப் போட்டுட்டாங்க. "ஹோல்ட் ஆஃப்" - கொஞ்சம் பொறுங்க, இப்ப வேண்டாம். மூணுலயும் "ஆஃப்", மூணுமே வேலையை உங்க கையிலேர்ந்து தள்ளி வைக்குது. ஆனா ஒண்ணு ரத்து, ஒண்ணு ஒத்திவைப்பு, ஒண்ணு காத்திருப்பு. மாத்திப் புரிஞ்சா என் நாப்பது நிமிஷம் உனக்கும் வரும்.

மூணு: ஒரு நாளைக்கு மூணு போதும். ஆனா அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிப் பாரு. ஆள் கிடைக்கலைன்னா எனக்கு போன் போடு.

லாஜிக் எல்லா இடத்துலயும் செல்லாதுங்கிறதையும் சொல்லிட்டேன். "புட் அப் வித்"னா சகிச்சுக்கிறது. எதை எங்க போட்டு எப்படிச் சகிப்பு வந்துச்சுன்னு கேட்டா நியாயமான பதில் கிடையாது. "போட்டு வாங்கு"ன்னா ஏன் அந்த அர்த்தம்னு நமக்கும்தான் தெரியாது. அப்படியே வாங்கிக்கணும்.

இதைச் சொன்னா ரெண்டு பக்கத்துலேர்ந்து அடி வரும்னு தெரியும்.

"எஸ்.எஸ்.சி. பரிட்சையில இடியம் கேக்கிறானே?" கேக்கிறான். அதுக்குப் படிக்கிறவங்க தாராளமா மனப்பாடம் பண்ணுங்க, நதிகள் பேரையும் முதலமைச்சர் வரிசையையும் படிக்கிற மாதிரி. மார்க் வரும். ஆனா அதுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்னு பேர் வைக்காதீங்க.

"இடியம்தானே மொழிக்கு அழகு?" அழகுதான். ஒரு வெள்ளைக்காரர் நம்ம ஊருக்கு வந்து தமிழ் கத்துக்கணும்னு கேக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ், எவ்வளவு சில்லறை, எங்க இறங்கணும்னு பேசத் தெரியணும் அவருக்கு. நீங்க அவரை உக்கார வெச்சு "குதிரைக் கொம்பு", "ஆகாயத் தாமரை", "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்"னு சொல்லிக் கொடுப்பீங்களா? அவர் கண்டக்டர்கிட்ட போய் "சில்லறை குதிரைக் கொம்பு"ன்னார்னா கண்டக்டர் கை தட்டுவார், பஸ்ஸே சிரிக்கும். ஆனா எங்க இறங்கணும்னு அவருக்குத் தெரியாது. நகையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், மொதல்ல வேட்டி கட்டிக்குவோம்.

கடைசியா, என்னை மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் போயிட்டவங்களுக்கு. இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் நாமதானே?

போன வருஷம் ஒரு இன்டர்வியூ பேனல்ல உக்காந்தேன். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். டெட்லாக் எப்படி வரும், எப்படி அவிழ்க்கிறதுன்னு போர்டுல படம் போட்டு அருமையா விளக்கினான். இங்கிலீஷ் மட்டும் தட்டுத் தடுமாறி. பக்கத்துல இருந்தவர் "கம்யூனிகேஷன் புவர்"னு எழுதினார். எங்க ரெண்டு பேருக்கும் அவன் சொன்னது முழுசாப் புரிஞ்சுது. புரிஞ்சதுக்குப் பேர்தானே கம்யூனிகேஷன்? அதை நான் வாயைத் திறந்து கேட்டிருக்கணும். கேக்கலை. மண்டையை ஆட்டிட்டு வந்துட்டேன். அந்தப் பையன் இப்போ ஏதோ ஒரு ஊர்ல உக்காந்து நோட்டுல நம்பர் போட்டு இடியம் எழுதிக்கிட்டிருப்பான். அதுல எனக்கும் பங்கு இருக்கு.

தாய்மொழிக்காரங்களே இதுல தடுக்கி விழுந்திருக்காங்க சார். "டேபிள்" பண்றதுன்னா பிரிட்டன்ல இப்பவே விவாதத்துக்கு எடுக்கிறது, அமெரிக்காவுல இப்போதைக்குக் கிடப்புல போடுறது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரெண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒத்தை வார்த்தையால ரொம்ப நேரம் காரசாரமா சண்டை போட்டாங்க, கடைசியில பாத்தா ரெண்டு தரப்புக்கும் வேண்டியது ஒண்ணுதான்னு சர்ச்சில் தன்னோட போர் வரலாற்றுல எழுதியிருக்கார். அவங்க யாரையும் "கம்யூனிகேஷன் புவர்"னு வீட்டுக்கு அனுப்பலை.

இன்னொரு வழியும் இருக்கு. அமெரிக்க வானொலி 1959-ல "ஸ்பெஷல் இங்கிலீஷ்"னு ஆரம்பிச்சுது. சுமார் 1500 சொல், சின்ன வாக்கியம், நிதானமான வேகம், இடியம் கிடையாது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு 1986-லேர்ந்து எளிய இங்கிலீஷ்னு ஒரு தரவிதியே வந்தாச்சு. சொற்களைச் சேர்த்து ஃப்ரேசல் வெர்ப் உருவாக்காதேன்னு அதுல ஒரு விதி இருக்கு. படிக்கிற மெக்கானிக் எந்த நாட்டுக்காரராவும் இருக்கலாம். தப்பாப் புரிஞ்சா ஆள் செத்துடும். உயிர் போற இடத்துல எழுதுறவன் இறங்கி வர்றான். நம்ம ஆபீஸ்ல மட்டும் ஏன் கேக்கிறவனே ஏறி வரணும்? அன்னைக்கு அந்தம்மா "ரிமூவ் த சேஞ்ச்"னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியலைன்னா நானும் "யூ மீன், ரிமூவ்?"னு கேட்டிருக்கணும். கேக்காம "டன்" சொன்னது, புரியலைன்னு சொன்னா மானம் போயிடும்னு நினைச்சதாலதான். அந்தப் பயத்தை வளர்த்தது யாரு? ஒவ்வொரு தப்புக்கும் சிரிச்ச எல்லாரும்தான்.

ஸோ, பேனல்ல உக்கார்ற மக்களே, புரிஞ்சுதான்னு மட்டும் பாருங்க. கிளாஸ் நடத்துறவங்களே, சித்தப்பா காசுக்கு பூனை, நாய் விக்காதீங்க. படிக்கிற தம்பி தங்கச்சிகளே, புரியலைன்னா திருப்பிக் கேளுங்க. "கேன் யூ ஸே இட் அகெய்ன்?" அஞ்சே வார்த்தை. அந்த 412-ஐ விட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

நேத்து ராத்திரி தம்பி போன் பண்ணினான். ஏதோ ஒரு கம்பெனியில மொத ரவுண்டு முடிஞ்சிருக்கு. ரிசல்ட் இன்னும் வரலை.

"என்னடா சொன்னாங்க?"

"வில் கெட் பேக் டு யூன்னாங்கண்ணா." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு நம்ம ஊர்ல அர்த்தம், பாக்கலாம் போய்ட்டு வாப்பான்னு தானேண்ணா?"

பையன் தேறிட்டான். :)